நாம் விற்பது எடையா, வாசனையா?



அரிசி, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றை எடை போட்டு விற்கிறோம். கிராம்பு, ஏலம், பட்டை, மிளகு, சீரகம், பெருங்காயம் போன்ற கடைச்சரக்குகளையும் அதே தராசில்தான் நிறுக்கிறோம். ஆனால் வாங்குகிறவர் பணம் கொடுப்பது அந்த எடைக்காக அல்ல. எடையில் பெரும்பகுதி நாரும் மாவுப்பொருளும்தான். அவருக்கு வேண்டியது அதற்குள் ஒளிந்திருக்கும் கொஞ்சம் எண்ணெய். நல்ல கிராம்பு 50 கிலோ மூட்டையில் 8 முதல் 10 கிலோ வரை வாசனை எண்ணெய் இருக்கும். கொத்தமல்லி விதை 40 கிலோ மூட்டையில் 400 கிராம் இருந்தாலே அதிகம். அந்த எண்ணெய் போய்விட்டால் மூட்டை எடை அவ்வளவாகக் குறையாது. கல்லாவில் விலையும் குறையாது. ஆனால் சரக்கு போய்விட்டது. இதைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். ரசாயனம் என்றாலே கல்லூரிப் பாடம் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக மூக்கால் செய்து வரும் வேலையைத்தான் ரசாயனக்காரர்கள் கண்ணாடிக் குழாயால் செய்கிறார்கள்.

வாசனை என்பது என்ன? செடி தன் உடம்பில் செய்து வைக்கும் சில பொருள்கள் மிகவும் இலேசானவை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றில் கலந்து மூக்குக்கு வந்து சேரும். கரி, நீரகம், பிராணவாயு இந்த மூன்றும் பல விதமாகக் கோத்துக்கொண்டு உண்டானவையே இவற்றில் பெரும்பாலானவை. செடி இவற்றை நமக்காகச் செய்வதில்லை. பூச்சியை விரட்டவும், பூசணம் பிடிக்காமல் காக்கவும், பூவிலானால் தேனீயை அழைக்கவும் செய்கிறது. நம் முன்னோர்கள் நெல்லிலும் துணிப்பெட்டியிலும் வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

இவற்றில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று டெர்பீன் குடும்பம். கற்பூரத் தைலம் என்று நாம் சொல்லும் டர்பன்டைனிலிருந்து வந்த பெயர். ஐந்து கரி அணு கொண்ட சிறு கண்ணிகளை இரண்டு, மூன்று என்று கோத்துச் செடி இவற்றைச் செய்கிறது. இந்தக் குடும்பத்தை ஒழுங்குபடுத்திக் காட்டியவர் ஜெர்மனியின் ஓட்டோ வாலாக். பான் நகரப் பல்கலைக்கழகத்தில் கெக்குலே என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் ஓர் அலமாரி நிறைய வாசனை எண்ணெய்ப் புட்டிகள் யாரும் தொடாமல் கிடந்தன. நம் மொழியில் சொன்னால் கிடப்புச் சரக்கு. வாலாக் அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். வெவ்வேறு பெயரில் இருந்த பல எண்ணெய்களில் திரும்பத் திரும்ப அதே சில பொருள்கள்தாம் இருக்கின்றன என்று கண்டார். அந்த வேலைக்காக 1910-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிடப்புச் சரக்கில் இவ்வளவு லாபம் பார்த்தவர் வேறு யாரும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

இரண்டாவது குடும்பம் ஆறு கரி அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் குடும்பம். அந்த வளையத்தின் அமைப்பை 1865-இல் எடுத்துச் சொன்னவர் மேற்சொன்ன கெக்குலேதான். கிராம்பு, பட்டை, சோம்பு, வனிலா இவற்றின் முக்கிய வாசனைகள் எல்லாம் இந்த வளையக்காரர்கள். ஆதியில் தெரிந்த வளையப் பொருள்கள் பல நல்ல வாசனை உடையனவாக இருந்ததால் 'அரோமாட்டிக்', அதாவது நறுமணப் பொருள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு வாசனையே இல்லாத பொருளுக்கும், நாற்றம் அடிக்கும் பொருளுக்கும் வளையம் இருந்தால் அதே பெயர் நிலைத்துவிட்டது. பேரன் கல்லூரிப் புத்தகத்தில் அரோமாட்டிக் என்று படித்தால் மல்லிகைப் பூ என்று நினைத்துவிட வேண்டாம். அந்துருண்டையும் அந்தக் கணக்கில் அரோமாட்டிக்தான். கற்பூரமும் புதினா உப்பும் அந்தக் கணக்கில் சேராது!

இனி சரக்குக்கு வருவோம். முதலில் பட்டை.

ஒரே இலங்கைப் பட்டை மரத்தில் மூன்று விதமான எண்ணெய் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மரப்பட்டையில் சின்னமால்டிஹைடு என்ற பொருள் முக்கியம். 1834-இலேயே பிரான்சில் இதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். அதே மரத்தின் இலையை வடித்தால் கிராம்பின் வாசனைப் பொருளான யூஜினால் மிகுதியாக வரும். வேர்ப் பட்டையை வடித்தால் கற்பூரம்!

நம் கடைகளில் 'பட்டை' என்று சொல்லி விற்பதில் பெரும்பங்கு இந்த மரத்துப் பட்டை அல்ல என்பது மொத்த வியாபாரிகளுக்குத் தெரியும். சீனா, வியட்நாம், இந்தோனேஷியா நாடுகளிலிருந்து வரும் காசியா வகை அது. தடித்து, ஒற்றைச் சுற்றாக, உடைத்தால் மரத்துண்டு போல் இருக்கும். இலங்கைச் சுருள் பட்டை காகிதம் போல் மெல்லியது, பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியாவில் காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். பிரியாணிக்கும் மசாலாவுக்கும் அதையே விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

காசியாவில் கூமரின் என்ற இன்னொரு வாசனைப் பொருள் இருக்கிறது. புதிதாக அறுத்துக் காய்ந்த புல்லின் வாசனை. 1868-இல் பெர்க்கின் என்ற ஆங்கிலேயர் இதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். அளவு மீறித் தினமும் உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கிறது என்று தெரிந்ததால், அமெரிக்காவில் 1954-லேயே இதைத் தனியாக உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 0.1 மில்லிகிராம் வரை போகலாம் என்று அளவு வைத்திருக்கிறது. காசியாத் தூள் ஒரு கிராமில் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் உண்டு என்று ஜெர்மானிய அரசு நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அப்படியானால் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 2 கிராம் காசியாத் தூளோடு எல்லை வந்துவிடுகிறது. இலங்கைப் பட்டையில் கூமரின் பெயரளவுக்கே இருக்கும்.

குழம்பில் ஒரு துண்டு போடுகிறவர்களுக்கு இதனால் கவலை இல்லை. ஆனால் இப்போது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, தினமும் காலையில் ஒரு கரண்டி பட்டைத் தூள் வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள் வருகிறார்கள். மாதம் கால் கிலோ வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு எந்தப் பட்டையை நிறுத்துக் கொடுக்கிறோம் என்பது சாதாரண விஷயம் இல்லை. மருந்து சொல்வது நம் வேலை அல்ல. டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இது சுருள் பட்டை, இது காசியா என்று சொல்லி விற்பது நம் வேலை. சட்டத்திலும் இரண்டும் தனித்தனிப் பொருள்கள். பில்லில் வெறும் 'பட்டை' என்று எழுதி வாங்கினால், பின்னால் கேள்வி வரும்போது பதில் சொல்லச் சங்கடம். ஊருக்கு ஊர் பெயர்க் குழப்பம் வேறு. சில பக்கம் இலவங்கம் என்றால் கிராம்பு, இலவங்கப் பட்டை என்றால் இது.

அடுத்தது கிராம்பு. நம் தொழிலில் அதிகம் ஏமாற்றம் நடக்கும் சரக்கு இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கிராம்பு என்பது மலராத மொட்டு. மொட்டு சிவந்து, விரிவதற்கு முன் பறித்துக் காய வைக்க வேண்டும். விரிந்து காயாகிப் போனால் எண்ணெய் குறைந்துவிடும். மடகாஸ்கர், இலங்கை, தான்சானியா சரக்குகளும் நமக்கு வருகின்றன. நம் கன்னியாகுமரி மாவட்ட மலைக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். பல் டாக்டர் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து வைக்கும் மருந்து அதுதான். துளசியிலும் உண்டு.

இந்த எண்ணெய்க்குத் தனி மார்க்கெட் இருக்கிறது. மருந்து, பற்பசை, சோப்பு, வாசனைத் தொழில் எல்லாம் வாங்குகின்றன. நீராவி வைத்து வடித்தாலோ, வேறு திரவத்தில் ஊற வைத்தாலோ எண்ணெய் தனியே வந்துவிடும். சக்கை மிச்சம். சக்கையை முறையாக உரமாக்குவதும் எரிப்பதும் உண்டு. ஆனால் முழுக் கிராம்பாகப் போட்டு வடித்த சக்கை உருவத்தில் கிராம்பாகவே இருக்கும். காய வைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவினால் பளபளப்பும் வந்துவிடும். நல்ல சரக்கில் நாலில் ஒரு பங்கு கலந்தால் மூக்குக்கும் சட்டென்று தெரியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கிராம்பு எண்ணெய் மற்றப் பல வாசனை எண்ணெய்கள் போல் இல்லாமல் தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே எண்ணெய் நிறைந்த கிராம்பைத் தண்ணீர் டம்ளரில் போட்டால் அமிழும், அல்லது தலை மேலாகச் செங்குத்தாக நிற்கும். எண்ணெய் எடுத்தது சருகு போல் படுத்து மிதக்கும். நகத்தால் தண்டை அழுத்தினால் நல்லதில் எண்ணெய் கசியும். சக்கை பொடியாக உதிரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரகர் மார்க்கெட் விலைக்குக் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் குறைத்து ஒரு லாட் கொண்டு வந்தார். சாம்பிள் பாக்கெட் பிரமாதமாக இருந்தது. நாங்கள் சாம்பிளை வைத்துவிட்டு, மூட்டையிலிருந்து அடியிலும் நடுவிலுமாகக் குத்தி எடுத்து டம்ளரில் போட்டோம். பாதிக்கு மேல் படுத்து மிதந்தது. "அண்ணாச்சி, காய்ந்த சரக்கு அப்படித்தான் மிதக்கும்" என்றார். காய்ந்ததால்தானே விலை ஏற வேண்டும், ஏன் குறைகிறது என்று கேட்டு அனுப்பிவிட்டோம். அந்த லாட் வேறு ஊரில் விலை போனது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் எங்களிடம் வந்து, இரட்டிப்பாகப் போட்டும் வாசனை வரவில்லை, கல்யாண வீட்டில் பேச்சு வாங்கினேன் என்றார்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிராம்பு, ஏலம், சீரகம் முதலியவற்றில் வாசனை எண்ணெய் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று அதன் விதிகளில் இருக்கிறது. கல் இல்லை, தூசி இல்லை, பூச்சி இல்லை என்பது மட்டும் போதாது. தரம் குறைந்தது என்று முடிவானால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சாம்பிள் எடுக்க வரும் அதிகாரி முதலில் ஏறுவது சில்லறைக் கடைப் படியில்தான். ஆனால் விற்றவர் கொடுக்கும் பில்லே தரத்துக்கு எழுத்து மூலமான உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே சில்லறை வியாபாரி நண்பர்கள் பில் இல்லாத மசாலாச் சரக்கைத் தொடவே கூடாது. மொத்த வியாபாரிகளான நாமும் துண்டுச் சீட்டில் அனுப்பும் பழக்கத்தை விட வேண்டும்.

ஏலத்தில் கதை வேறு. போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் ஏல விற்பனையில் காய் பருமனுக்கும் பச்சை நிறத்துக்கும்தான் போட்டி. 8 மில்லி பச்சைக் காய்க்கு ஒரு விலை, வெளுத்ததற்கு ஒரு விலை. பச்சை என்பது தோலின் நிறம். வாசனை முழுவதும் உள்ளே இருக்கும் கறுப்பு விதையில். நீலகிரித் தைலத்தில் இருக்கும் சினியோல் ஏலத்திலும் உண்டு, அதுதான் குளிர்ச்சி. டெர்பினைல் அசிட்டேட் என்பதுதான் இனிப்பு வாசனை. தோல் மூடியிருக்கும்வரை எண்ணெய் பத்திரம். உரித்த அரிசியிலோ சீக்கிரம் போய்விடும். இனிப்புக் கடைக்காரர் மலிவாக ஏல அரிசி கேட்டால், உரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்துக் கொடுப்பது நல்லது. வெளுத்த காய் என்றால் வாசனை இல்லாதது என்று கழிப்பதும் சரியல்ல; உடைத்து மோந்து பாருங்கள்.

மிளகில் காரம் வேறு, வாசனை வேறு. காரம் பைப்பரின், டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1819-இல் பிரித்தெடுத்தார். அது ஆவியாகாது, பழைய மிளகிலும் இருக்கும். வாசனைதான் பறந்து போகும். மிளகுக்கே உரிய அந்த நெடியில் ரோடண்டோன் என்ற பொருளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பது 2008-இல்தான் தெரிய வந்தது. ஆஸ்திரேலியாவில் திராட்சை மதுவில் மிளகு வாசனை ஏன் வருகிறது என்று தேடப் போய்க் கண்டுபிடித்தார்கள். பப்பாளி விதைக் கலப்படம் தண்ணீரில் மிதந்து காட்டிக்கொடுக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. லிட்டர் எடை பார்த்து வாங்குகிறவர்களுக்கு அதற்கும் அவசியம் இல்லை.

சில சரக்குகளில் வாசனையே இருக்காது, நசுக்கினால்தான் பிறக்கும். கடுகை மோந்து பாருங்கள், ஒன்றும் தெரியாது. அரைத்துத் தண்ணீர் பட்டால் மூக்கில் ஏறும். கடுகுக்குள் தனித்தனி அறையில் இருக்கும் இரண்டு பொருள்கள் அப்போதுதான் சந்திக்கின்றன. பூண்டும் அப்படியே. இதனால் முழுக் கடுகு, முழுப் பூண்டு வைத்திருப்பவருக்கு வாசனை இழப்புப் பயம் குறைவு.

மற்ற சரக்குகளுக்குப் பயம் உண்டு. எதிரி மூன்று: வெப்பம், காற்று, வெளிச்சம். தகரக் கூரைக் குடோனில் சித்திரை மாதத்தில் மேல் அடுக்கு மூட்டை என்ன சூட்டில் இருக்கும் என்று கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடோனுக்குள் நுழைந்ததும் வாசனை ஆளைத் தூக்குகிறது என்று சிலர் பெருமைப்படுவார்கள். அந்த வாசனை நம் முதல், காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. அரைத்தால் இன்னும் வேகம். முழு மல்லி ஒரு வருஷம் தாங்கினால் தூள் சில மாதம் தாங்காது. மாவு மில்லில் கல் சூடேறினால் அரைக்கும்போதே பாதி போய்விடும். பெரிய கம்பெனிகள் குளிரூட்டி அரைப்பது இதற்காகத்தான். சாதாரண பாலிதீன் பை தண்ணீரைத் தடுக்கும். வாசனையைத் தடுக்காது, தானே உறிஞ்சியும் கொள்ளும். தகர டப்பா, கண்ணாடி, உள்ளே அலுமினியத் தாள் உள்ள பை ஆகியவை மேல். மஞ்சளின் நிறமான குர்குமின் வெயில் பட்டால் வெளுக்கும் என்பதால் மஞ்சள் தூளைக் கண்ணாடி ஜாடியில் கடை முகப்பில் அடுக்குவது அழகுக்கு மட்டுமே உதவும். பெருங்காயத்தின் வாசனை கந்தகம் சேர்ந்த பொருள்களால் வருவது. தேயிலைக்கும் அரிசிக்கும் பக்கத்தில் வைத்தால் அவை பிடித்துக்கொள்ளும்.

கற்பூரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் இனத்து வணிகர்களுக்கு அதில் பழைய சொந்தம் இருக்கிறது. சுமத்ரா தீவில் பாரூஸ் என்ற துறைமுகம் கற்பூரத்துக்குப் பேர் போனது. அங்கே 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டி வைத்தது. சங்கம் வைத்து வியாபாரம் செய்வது நமக்குப் புதிதல்ல! அந்தக் காட்டு மரக் கற்பூரம் போர்னியோல் என்ற பொருள். சீன, ஜப்பானிய மரத்திலிருந்து வந்தது வேறு. இன்று பூஜைக்கு வரும் கற்பூரம் பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. எரிக்க அது போதும். ஆனால் பாயசத்துக்கும் தீர்த்தத்துக்கும் பச்சைக் கற்பூரம் கேட்பவருக்கு, இல்லையென்று சொல்லாமல் பூஜைக் கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். இது மிகவும் தவறு. சிறு குழந்தை கொஞ்சம் கற்பூரம் விழுங்கினாலே வலிப்பு வரும். உண்ணத் தக்கது என்று அச்சிட்ட பாக்கெட் இருந்தால் கொடுங்கள். இல்லையேல் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

செயற்கை வாசனை பற்றியும் கேட்கிறார்கள். ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இருவர் 1874-இல் வனிலின் செய்தார்கள். ஆலையில் செய்த வனிலினும் கொடியில் விளைந்த வனிலினும் பொருளால் ஒன்றேதான். ஆனால் வனிலாக் காயில் அதோடு இன்னும் எத்தனையோ வாசனைகள் சேர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அதனால்தான். எசன்ஸ் விற்பது குற்றமில்லை. எசன்ஸ் தெளித்த சக்கையை ஏலம் என்று விற்பதுதான் குற்றம்.

முடிவாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. வாசனை எண்ணெயை அளக்க கிளெவெஞ்சர் என்பவர் 1928-இல் ஒரு கண்ணாடிக் கருவி அமைத்தார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதுதான். நொறுக்கிய சரக்கையும் தண்ணீரையும் குடுவையில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க வைத்தால், ஆவியோடு வரும் எண்ணெய் குளிர்ந்து கோடு போட்ட குழாயில் தனியே நிற்கும். எத்தனை மில்லி என்று கண்ணாலேயே படிக்கலாம். கிராம்பு, பட்டை எண்ணெய் தண்ணீருக்குக் கீழே போவதால் அதற்கு வேறு குழாய் வேண்டும். இரண்டும் வாங்க வேண்டும். கருவி, அடுப்பு, தராசு எல்லாம் சேர்த்தாலும் சுமார் சரக்கு ஒரு மூட்டை வாங்கி ஏமாறும் தொகைக்குள் அடங்கும். ரசாயனம் படித்த பையன் ஒருவனைப் பகுதி நேரமாகப் போட்டு, சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் வைக்கலாம். மண்டிக்கு வரும் லாட்டுக்கு அங்கேயே சீட்டு கொடுக்கலாம். அது கோர்ட்டுக்குச் செல்லும் சான்று ஆகாது. வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். மசாலாச் சரக்கு உறுப்பினர்கள் அன்று அவசியம் வர வேண்டும், வரும்போது ஆளுக்கு நூறு கிராம் கிராம்பு மடித்துக் கொண்டுவந்தால், டம்ளர் பரீட்சையை அங்கேயே செய்து பார்த்துவிடலாம்.